மருதாணிக்கு ஓர் இரவு, அவுரிக்குப் பத்து நிமிடம்

"அம்மா, உன் முடி பச்சையா இருக்கும்மா" என்று மகன் சொன்னபோது நான் துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கேலி செய்கிறான் என்று நினைத்தேன். கண்ணாடி முன் போய் நின்றால், காதோரம் இரண்டு பக்கமும், வகிட்டின் நெடுகிலும், எங்கெல்லாம் நரை இருந்ததோ அங்கெல்லாம் குளத்துப் பாசி நிறம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி. மறுநாள் காலை அலுவலகத்துக்குத் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள்.

அன்று நான் செய்தது இதுதான். மருதாணி போட்டால் நரை ஆரஞ்சாகிவிடும், எனக்கு வேண்டியது கறுப்பு, அதனால் மருதாணியே வேண்டாம், நேரே அவுரிப் பொடியை, அதாவது இண்டிகோ என்கிற நீலச் சாயச் செடியின் இலைப் பொடியைப் போட்டுவிடலாம் என்று முடிவுகட்டினேன். அவுரிப் பொடியில் எலுமிச்சை பிழிந்து, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பூசினேன். மருதாணிக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் அவுரிக்குச் செய்தேன். இரண்டும் இலை, இரண்டும் பச்சைப் பொடி, பொட்டலமும் ஒரே மாதிரி. குணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அது நடந்து எட்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை என் தலைக்கும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அக்கா தலைக்கும் நானேதான் போடுகிறேன். எத்தனை கிராம், எவ்வளவு நேரம், என்ன நிறம் வந்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரு பழைய டைரியில் குறித்துவைப்பேன். கணக்கு எழுதிப் பிழைப்பவளுக்கு வேறென்ன பழக்கம் வரும்? அந்த டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடிச் சாயம் எதுவும் முடியை வெளுக்க வைக்காது. இருக்கிற நிறத்தின் மேல் தன் நிறத்தை ஏற்றும், அவ்வளவுதான். கறுப்பு முடியில் மருதாணி போட்டால் வெயிலில் நிற்கும்போது மட்டும் ஒரு செம்மை தெரியும். நிழலுக்கு வந்தால் பழைய கறுப்புதான். நரைமுடியில்தான் அதன் முழு நிறமும் வெளிப்படும். கறுப்பும் நரையும் கலந்த தலையில் இரண்டு விதமாகத் தெரிவதும் அதனால்தான். வெளிர்பழுப்பு முடி வேண்டும் என்று ஆசைப்படுகிற கருங்கூந்தல்காரர்களுக்கு இந்தக் கட்டுரையில் எதுவும் இல்லை.

நான் இந்தப் பக்கம் வந்ததும் ஆசைப்பட்டு இல்லை. நாற்பத்தோரு வயதில் ஒரு பெட்டிச் சாயம் போட்ட மறுநாள் இரண்டு கண்ணிமையும் வீங்கி, கண்ணைத் திறக்கவே முடியவில்லை. தோல் மருத்துவர் ஒரு பெயரை எழுதிக்கொடுத்தார்: பாரா-பீனைலின்டையமீன். சுருக்கமாக பிபிடி. நிரந்தரக் கறுப்புச் சாயங்கள் பலவற்றில் இருப்பது. ஒருமுறை உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொண்டால் பிறகு மறக்காது, அடுத்த தடவை இன்னும் கடுமையாகக் காட்டும் என்றார். அன்றோடு அந்தப் பெட்டிகளை விட்டேன்.

பொடி வாங்கும்போது

என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆபத்து, "மூலிகை" என்று எழுதியிருக்கும் பொட்டலத்திலேயே இருக்கிறது. "கறுப்பு மருதாணி" என்று ஒரு செடி கிடையாது. மருதாணி தருவது செம்மஞ்சளும் செம்பழுப்பும்தான். மருதாணி என்ற பெயரில் ஒரு பொடி அரை மணி நேரத்தில் முடியைக் கன்னங்கறுப்பாக்கினால் அதில் பிபிடியோ வேறு ஏதோ ரசாயனமோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் கறுப்பு மருதாணி வரைந்துகொண்டு கொப்புளம் கண்டவர்கள் பின்னால் தலைச்சாயம் போடும்போதும் அவதிப்படுவது இதனால்தான். இரண்டிலும் குற்றவாளி ஒன்றே.

பொட்டலத்தின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். மருதாணிப் பொட்டலத்தில் லாசோனியா இனெர்மிஸ் என்ற அதன் தாவரவியல் பெயர் இருக்க வேண்டும். அவுரியில் இண்டிகோஃபெரா டிங்டோரியா. சில செடிப்பெயர்கள் கூட இருந்தால் குற்றமில்லை. சோடியம் பிக்ராமேட், வெள்ளி நைட்ரேட், பிபிடி, ஏதாவது பெராக்சைடு என்று கண்ணில் பட்டால் திரும்ப வைத்துவிடுங்கள். உள்ளடக்கமே அச்சிடாத பொட்டலத்தை எடுக்கவே வேண்டாம். கையில் வரைவதற்கான கூம்புகளும் தலைக்கு ஆகாது. அவற்றில் எண்ணெயும் வேறு சமாச்சாரங்களும் கலந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு சின்ன சோதனை செய்வேன். வெள்ளைக் காகிதத் துணியை நனைத்து, அதன் மேல் ஒரு சிட்டிகை மருதாணிப் பொடியைத் தூவுவேன். நல்ல பொடி அவசரப்படாது. நேரம் போகப் போகத்தான் ஓரத்தில் பழுப்பாகக் கசியும். தூவிய உடனே பளீரென்று பச்சை ஓடினால், பழைய பொடிக்குப் பச்சைச் சாயம் பூசியிருக்கிறார்கள். மூக்கும் உதவும். மருதாணிக்குக் காய்ந்த புல்லின் வாசம். அவுரியை நனைத்தால் பச்சைப் பட்டாணி உரிக்கும்போது வருமே, கிட்டத்தட்ட அந்த வாசம். எந்த வாசமும் இல்லாமல் மட்கிப்போன பழுப்புப் பொடி என்றால் அது செத்த பொடி. அதில் நிறம் வராது.

வீட்டில் மருதாணிச் செடி இருப்பவர்கள் இலையைப் பறித்து நிழலில் காயவைத்துப் பொடிக்கலாம். ஆனால் மெல்லிய துணியில் சலித்தே ஆக வேண்டும். நான் ஒருமுறை சலிக்காமல் போட்டு, காம்புத் துணுக்குகளை மூன்று நாள் தலையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

சீப்பில் சிக்கிய முடி

முழுத் தலையில் போடுவதற்கு முன் இரண்டு சோதனைகள். முதலாவது தோலுக்கு. குழைத்த கலவையில் ஒரு பொட்டு, காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ வைத்துக் கழுவிவிட்டு 48 மணி நேரம் பாருங்கள். செடி என்பதால் ஒவ்வாமையே வராது என்றில்லை. அவுரிக்கும் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் மருதாணியைத் தொடவே கூடாது. அவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். கைக்குழந்தைக்கும் வேண்டாம்.

இரண்டாவது முடிக்கு. பெரும்பாலோர் தாண்டிப்போவது இதைத்தான். ஒரு வாரம் சீப்பில் சிக்குகிற முடியை எறியாமல் எடுத்துவையுங்கள். அதிலிருந்து நரைமுடியாகப் பொறுக்கி, பத்துப் பதினைந்து சேர்ந்ததும் ஒரு முனையை நூலால் கட்டிவிடுங்கள். ஷாம்பு போட்டு அலசிக் காயவைத்து, தலைக்குப் போடப்போகிற அதே கலவையில் அதே நேரம் முக்கி வைத்து, கழுவி, மூன்று நாள் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். என் டைரியில் இப்படி ஒட்டிய சின்னச் சின்னக் குஞ்சங்கள் இருபத்தாறு இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் விகிதம், நேரம். பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாக இருக்கலாம். என்னைப் பாசி நிறத்திலிருந்து காப்பாற்றி வருவது அந்தக் குஞ்சங்கள்தான்.

முன்பு வேறு சாயம் போட்ட முடி என்றால் இந்தச் சோதனை கட்டாயம். குறிப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக நரையைக் கறுக்கவைக்கும் வகைத் திரவங்களில் உலோக உப்புகள் உண்டு. அந்த முடியில் பின்னால் பெராக்சைடு கலந்த சாயம் பட்டால் சூடேறி முடியே பொசுங்கும்.

மருதாணி: பொறுத்தால்தான்

மருதாணி இலையில் நிறம் தருகிற பொருளுக்கு லாசோன் என்று பெயர். காய்ந்த இலையில் அது நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான் தேறும். அதுவும் இலைக்குள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. தண்ணீரும் கொஞ்சம் புளிப்பும் நேரமும் கிடைத்தால் பிணைப்பு விட்டு வெளியே வரும். வந்ததும் முடியின் புரதமான கெரட்டினைப் பிடித்துக்கொள்ளும். பிறகு லேசில் விடாது. மருதாணி நிறம் தண்ணீரில் கரைந்து போகாததற்கு அதுதான் காரணம்.

அளவு: தோள் வரை முடிக்கு 150 முதல் 200 கிராம், இடுப்பு வரை என்றால் 300 கிராமுக்குக் குறையாது. வேர்ப்பகுதிக்கு மட்டும் 50 கிராம் தாராளம். 100 கிராம் பொடிக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, பிறகு சாதாரணத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குழையுங்கள். ஏறக்குறைய 250 மில்லி பிடிக்கும். பொடிக்குப் பொடி மாறும். கெட்டித் தயிர் பதம் வேண்டும். கரண்டியிலிருந்து சொட்டாகச் சொட்டக் கூடாது. தொப்பென்று விழ வேண்டும். முழுக்க எலுமிச்சைச் சாற்றிலேயே குழைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் செய்தால் தலைத்தோல் காய்ந்து அரிக்கிறது, நுனிமுடி துடைப்பம் மாதிரி ஆகிறது.

கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். மூடி, அறைச் சூட்டில் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். நான் இரவு குழைத்துவிட்டுத் தூங்கிவிடுவேன். வெக்கையான நாள் என்றால் ஐந்தாறு மணி நேரத்திலேயே தயாராகிவிடும். தயாரானதை எப்படித் தெரிந்துகொள்வது? மேற்பரப்பு பழுப்பாகியிருக்கும்; கரண்டியால் கீறினால் உள்ளே பச்சை. உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் துடைத்தால் ஆரஞ்சு வட்டம் நிற்க வேண்டும். நின்றால் பூசலாம். இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டால் பழுப்பு உள்ளே வரை இறங்கி, சாயம் வலுவிழந்துவிடும்.

இதில் என்னென்ன சேர்க்கலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். முட்டை, தயிர், தேங்காய் எண்ணெய். என் தீர்ப்பு: எதுவும் வேண்டாம். முட்டையும் தயிரும் புரதம். லாசோன் பிடிக்க வேண்டியது உங்கள் முடியின் புரதத்தை. கிண்ணத்திலேயே முட்டையைக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். எண்ணெய் முடிக்கும் சாயத்துக்கும் நடுவில் திரை போடும். தேயிலை வடிநீர் பரவாயில்லை, பெரிய லாபமும் இல்லை. இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் கலவை கறுத்துப்போவது உண்மைதான். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு வரும், அந்தக் காலத்து எழுதும் மையே அப்படிச் செய்ததுதான். ஆனால் சட்டியில் கறுத்ததெல்லாம் முடியில் கறுப்பாக ஏறும் என்று கணக்குப் போடாதீர்கள். நான் கண்ணாடிக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பூசுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் தலையை அலச வேண்டும், கண்டிஷனர் இல்லாமல். நெற்றியோரம், காதுமடல், பிடரி மூன்றிலும் வாசலினைத் தடவுங்கள். கையுறை இல்லாமல் பூசினால் நகம் வளர்ந்து வெட்டும்வரை ஊருக்கெல்லாம் விளம்பரம்தான். தரையில் பழைய செய்தித்தாள், மேலே பழைய கறுப்புச் சட்டை.

விரலகலத்துக்கு வகிடு எடுத்து, வேரில் தொடங்கி நுனிக்கு வர வேண்டும். காதோரத்திலும் முன்நெற்றியிலும் முதலில் போடுங்கள், அங்கேயே கடைசியிலும் இன்னொரு பூச்சு. அந்த இடத்து நரை முரட்டுத்தனமானது, சாயம் ஏற நேரம் கேட்கும். தடவினால் போதாது, அப்ப வேண்டும். அக்காவுக்குப் போடும்போது, "ஏண்டி, சுவருக்குச் சிமென்ட் பூசுறியா?" என்பாள். அப்படித்தான் பூச வேண்டும். முழுக்க முடிந்ததும் முடியைச் சுருட்டி உச்சியில் வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே ஒரு துண்டு. காய்ந்த கலவையிலிருந்து நிறம் ஏறாது. ஈரமும் கதகதப்பும் வேண்டும்.

மூன்று மணி நேரம். நரை அதிகம் என்றால் நான்கு. அதற்கு மேல் வைப்பதில் கழுத்து வலிதான் மிச்சம். ஈரத்தலையோடு நெடுநேரம் இருந்தால் தலை கனத்துச் சளி பிடிக்கும் என்பவர்கள் ஒரு கம்பளித் தொப்பியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அலசுவதில் ஒரு உத்தி. குழாயின் கீழ் நேரே தலையைக் காட்டினால் ஒரு மணி நேரம் ஆனாலும் மணல் போகாது. வாளியில் தண்ணீர் நிரப்பி, குனிந்து முடியை அதில் மூழ்கவிட்டு விரலால் அளையுங்கள். சேறு முக்கால்வாசி அங்கேயே இறங்கிவிடும். வாளித் தண்ணீரை இரண்டு தடவை மாற்றியபின் குழாய்க்குப் போகலாம். மருதாணியோடு நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கைநிறைய கண்டிஷனர் போட்டு அலசலாம், வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அவுரி அடுத்து வரப்போகிறது என்றால் கண்டிஷனர் கூடாது; போட்டிருந்தால் ஷாம்புவால் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

காய்ந்ததும் கண்ணாடியைப் பார்க்காமல் இருக்க முடிந்தால் பார்க்காதீர்கள். நரையெல்லாம் கேரட் நிறத்தில் கத்தும். அது அன்றைய நிறம் மட்டுமே. இரண்டு மூன்று நாளில் காற்றுப் பட்டுப் பட்டு ஆழ்ந்து, செம்புப் பாத்திர நிறத்துக்கு இறங்கும். அக்கா முதல் தடவை ராத்திரியே போன் செய்து, "நாளைக்கே மொட்டை அடிச்சுக்கறேன்டி" என்றாள். நான்காம் நாள் பேசியபோது, "அவுரி வேண்டாம், இதே இருக்கட்டும்" என்றாள். அந்தச் செம்பு நிறத்தோடுதான் இன்றுவரை இருக்கிறாள்.

அவுரி: பொறுத்தால் போச்சு

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது மருதாணிக்குத்தான். அவுரியில் பொறுத்தவர் பச்சைத் தலையோடு அலைவார்.

ஏன் என்று தெரிந்தால் எல்லாம் ஞாபகத்தில் நிற்கும். அவுரி இலையில் நீலமே கிடையாது. இண்டிகன் என்ற நிறமற்ற பொருள்தான் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் இலையில் இருக்கும் நொதி அதை உடைத்து இண்டாக்சில் ஆக்குகிறது. இந்த இண்டாக்சில் சின்னது, தண்ணீரில் கரைவது, முடிக்குள் நுழையும். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும் இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்து நீலமாகிறது. நீலமான பிறகு தண்ணீரில் கரையாது, எங்கும் நுழையாது. ஜீன்ஸ் துணிக்குப் போடுகிற நீலமும் இதே மூலக்கூறுதான். அதன் அமைப்பை 1883-இல் கண்டுசொன்ன அடால்ஃப் வான் பாயர் என்ற ஜெர்மானியர் சாயங்கள் பற்றிய ஆய்வுகளுக்காகவும் சேர்த்து 1905-இல் நோபல் பரிசு வாங்கினார்.

ஆக, ஜோடி சேர்வது முடிக்குள்ளே நடக்க வேண்டும், கிண்ணத்தில் நடக்கக் கூடாது. இரவு முழுக்க ஊறவைத்தால் கிண்ணம் நீலமாகும், முடிக்கு எச்சம்தான். எலுமிச்சை போட்டால் புளிப்பு அந்த வேலையைக் கெடுக்கும். கொதிநீர் ஊற்றினால் நொதி வெந்துபோகும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எலுமிச்சையும் போட்டு இரவும் ஊறவைத்தேன். கொதிநீர் ஊற்றாதது ஒன்றுதான் நான் செய்த நல்ல காரியம்.

மருதாணி அலசித் துவட்டிய முடி, ஈரம் இருந்தால் பரவாயில்லை. வகிடு எடுத்து, கிளிப் போட்டு, கையுறை மாட்டி, எல்லாம் தயாரான பிறகுதான் அவுரிப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். 100 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, கை பொறுக்கிற வெதுவெதுப்பில் தண்ணீர் சுமார் 300 மில்லி. கட்டியில்லாமல் குழைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். முதலில் பாசிப்பச்சை. நான்காம் ஐந்தாம் நிமிடத்தில் கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு கருநீலக் கோடு ஓடத் தொடங்கும். பத்து நிமிடத்தில் மேற்பரப்பு முழுக்க ஆடை கட்டியது போல் நீலம் படரும். கிளறினால் அடியில் இன்னும் பச்சை. இந்த நேரம்தான். அடுத்த அரை மணிக்குள் எல்லாம் தலையில் ஏறிவிட வேண்டும். முடி நீளமானவர்கள் ஒரே தடவையில் குழைக்காமல் பாதி பாதியாகக் குழைத்துக்கொள்ளுங்கள். உதவிக்கு ஒரு கை இருந்தால் இன்னும் நல்லது.

மருதாணி போல் இது ஒட்டாது. ஈரமணல் மாதிரி உதிரும், கழுத்தில் ஒழுகும். சபித்துக்கொண்டே பூசுங்கள். முடிந்த உடனே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஒன்றரை மணி நேரம் விடுங்கள். மென்பழுப்பு போதும் என்றால் இருபது, முப்பது நிமிடத்தில் கழுவிவிடலாம். வெறும் தண்ணீர் மட்டும். நீலப்பச்சையாக ஓடும், பயப்பட வேண்டாம். அன்று இரவு முடி ஏதோ பச்சை சாயலில், மங்கலாக, நம்பிக்கையே தராததாகத்தான் தெரியும். கறுப்பு முழுக்க ஏற இரண்டு நாள் ஆகும். அதுவரை ஷாம்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இரவு போட்டுவிட்டுத் திங்கள் காலை அலுவலகம் போகிற பழக்கத்தை நான் விட்டதற்கு இதுவே காரணம். இப்போதெல்லாம் வெள்ளி இரவு குழைத்து, சனிக்கிழமை காலை மருதாணி, மதியம் அவுரி.

மருதாணி ஆரஞ்சு, அவுரி நீலம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் கண்ணுக்குக் கறுப்பு. அடியில் ஆரஞ்சு இல்லாத நரையில் அவுரி மட்டும் விழுந்தால் பச்சையும் சாம்பலுமாக நிற்கும், அதுவும் சரியாகப் பிடிக்காது.

கறுப்பு வேண்டாம், பழுப்பு போதும் என்பவர்கள் ஒரே நாளில் ஒரே கலவையாக முடிக்கலாம். மருதாணியை முதல்நாள் இரவே குழைத்து ஊறவைத்து, மறுநாள் பூசுவதற்குப் பத்து நிமிடம் முன் அவுரியைத் தனிக் கிண்ணத்தில் குழைத்து, இரண்டையும் கலந்து உடனே பூச வேண்டும். பொடியின் எடையில் சமபங்கு என்றால் நடுப்பழுப்பு. அவுரி இரண்டு பங்கு என்றால் அடர்பழுப்பு. மருதாணி இரண்டு பங்கு என்றால் செம்பழுப்பு. இந்தக் கலவைக்கு எலுமிச்சைக்குப் பதில் மருதாணியோடு கொஞ்சம் நெல்லிக்காய்ப் பொடி சேர்ப்பேன். செம்மை சற்றுத் தணியும், சுருள்முடியின் சுருளும் அதிகம் தளராது. நரை மிக அதிகமான தலைக்கு ஒரே கலவை ஏமாற்றும், இரண்டு கட்டமே நல்லது.

தவறினால்

பச்சை தெரிந்தால் அதன் மேல் மருதாணி. அந்த ஞாயிறு இரவு நான் கடைசியில் செய்தது அதுதான். ஊறவைக்க நேரமில்லாததால் எலுமிச்சையே இல்லாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் மருதாணியைக் குழைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, ஒன்றரை மணி நேரத்தில் பூசி, பதினொன்றரைக்குக் கழுவினேன். முழுமையில்லை, ஆனால் பழுப்பு என்று சத்தியம் செய்யலாம் என்கிற அளவுக்கு வந்தது. தணிக்கைக்காரர்கள் என் தலையைப் பார்க்கவில்லை, வவுச்சர்களைத்தான் பார்த்தார்கள்.

காதோரத்தில் மட்டும் ஆரஞ்சு எட்டிப்பார்த்தால் இரண்டு நாள் கழித்து அந்த இடத்துக்கு மட்டும் அவுரியை இன்னொரு முறை வையுங்கள். கறுப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டால் வழி குறைவு. எண்ணெய் ஊறவிட்டு ஷாம்பு போட்டால் அவுரி ஓரளவு இறங்கும், மருதாணி இறங்கவே இறங்காது. அவுரி போட்ட முடியை வெளுக்கவைக்கப் போனால் பச்சை கிளம்பும், ஆகவே அழகு நிலையத்துக்குப் போவதற்கு முன் போட்டதைச் சொல்லிவிடுங்கள்.

நெற்றியில் கறை என்றால் உடனே எண்ணெயில் நனைத்த பஞ்சு. முடி வறண்டு கரகரத்தால் அது ஒரு வாரத்துக் கதை. மூன்றாம் நாளிலிருந்து எண்ணெய் வைக்கலாம். முதல் நான்கைந்து நாள் வெள்ளைத் தலையணை உறை வேண்டாம்.

மற்றச் செடிகளைப் பற்றியும் கேட்பார்கள். பீட்ரூட் சாறு, செம்பருத்தி இரண்டும் அடுத்த குளியலில் வடிகாலுக்குப் போகும். காப்பி, தேயிலை வடிநீர் நரையை ஓரிரு நாள் மங்கலாக்கும், தலை நல்ல வாசமாக இருக்கும். கரிசலாங்கண்ணியின் பெயரிலேயே கரி இருப்பதால் அது முடியைக் கறுக்கவைக்கும் என்று நம்பி நானும் ஆறு மாதம் தேய்த்தேன். என் டைரியில் அந்த ஆறு மாதமும் ஒரே குறிப்பு: மாற்றமில்லை. வால்நட் காயின் பச்சைத் தோலில் உள்ள ஜுக்ளோன் உண்மையாகவே பழுப்பேற்றும், லாசோனுக்கு நெருங்கிய உறவு. ஆனால் தோலைச் சுடக்கூடியது. எனக்கு ஒருமுறை வீங்கிய கண்ணிமை போதும். அதேபோல் மருதாணியையோ அவுரியையோ புருவத்துக்கும் இமைமுடிக்கும் கொண்டுபோகாதீர்கள்.

மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக முடி வளரும், வகிட்டில் வெள்ளைக் கோடு நாலாவது வாரம் தெரிந்துவிடும். அப்போது வேருக்கு மட்டும் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் நுனிவரை இழுத்தால் நிறம் அடுக்கடுக்காக ஏறி, நுனி மட்டும் காய்ந்த ரத்த நிறத்துக்குப் போய்விடும்.

மருதாணி குழைத்தது மிஞ்சினால் எறிய வேண்டாம். நிறம் விட்ட நிலையில் சின்ன டப்பாவில் அடைத்து உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். எடுத்து உருகவிட்டு அப்படியே பூசலாம். குழைத்த அவுரியை மட்டும் சேமிக்க முடியாது. அதைப் பொடியாக, காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாத இடத்தில்தான் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைக்கும் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் "தலைக்கு" என்று எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் எழுதாமல் விட்ட ஒரு வாரம், நான் அலுவலகத்திலிருந்து வரத் தாமதமான நாளில், என் வீட்டுக்காரர் அதை அடுப்பில் வைத்துச் சூடாக்கி, உப்புப் பார்த்துவிட்டார்.